பறங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை: கொஞ்சம் நடை, கொஞ்சம் வரலாறு

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருத்தன், ஸ்பெயினும் பிரான்ஸும் தொட்டுக்கொள்கிற மூலையில் இருக்கும் பாஸ்க் நாட்டில் ஒரு வாரம் நடந்துவிட்டு வந்தான். விடுமுறைக்குப் போனவன் கார், பஸ் எதிலும் ஏறாமல் தினமும் 15, 20 கிலோமீட்டர் நடந்திருக்கிறான். பெட்டியை மட்டும் ஒரு வண்டி அடுத்த ஊர் விடுதியில் இறக்கி வைத்துவிடுமாம். இவன் தோளில் தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் வைத்துக்கொண்டு பைரனீஸ் மலையின் அடிவாரக் கிராமங்கள் வழியாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாதை தவறவே தவறாதாம். பாறையிலும் மரத்திலும் வேலிக்கம்பத்திலும் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டை தீட்டி வைத்திருப்பார்கள். பாஸ்க் கரையில் இறங்கி நின்று அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தால், மலைத்தொடர் முழுக்கக் கடந்து அந்தப் பக்கம் மத்தியதரைக் கடலில் கால் நனைக்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லி, போட்டோவெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். "நீ இருக்கிற இடத்துலயும்தான் வரிசையா மலை நிக்குது. தினமும் ரயில்ல பாத்துக்கிட்டே போறியே, ஒண்ணுலயாவது ஏறியிருக்கியா?"

இல்லை. தாம்பரத்துக்குக் குடிவந்து பதினேழு வருஷம் ஆச்சு. பறங்கிமலைக்கு ஒருமுறை ஆட்டோவில் போனதோடு சரி. அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் பொங்கல் முடிந்த கையோடு, வெயில் ஏறுவதற்குள், இரண்டு நாள் ஒதுக்கி நடந்தேன். நடப்பதற்கு முன்னும் பின்னும் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் பாஸ்க் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நமக்குச் சம்பந்தமே இல்லாத நாடு மாதிரித்தான் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு பாஸ்க் இடப்பெயர்களைச் சொல்லாதவர்கள் குறைவு. ஒன்று லயோலா. நுங்கம்பாக்கத்தில் 1925இல் தொடங்கிய கல்லூரிக்குப் பெயர் தந்த இக்னேஷியஸ், அஸ்பெய்தியா என்ற பாஸ்க் ஊரில் லயோலா என்ற மாளிகையில் பிறந்தவர். வீட்டின் பெயர்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்று சேவியர். அதுவும் ஒரு கோட்டையின் பெயர், பாஸ்க் மொழியில் 'எட்சே பெர்ரி' என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. 'எட்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. நம்ம ஊர் வழக்கில் சொன்னால், சவேரியார் புதுவீட்டுக்காரர்.

அவர் 1506இல் நவார் நாட்டில் பிறந்தார். ஆறு வயதில் நாடு காஸ்தீலிடம் தோற்றது. பத்து வயதில் அவர்கள் கோட்டையின் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பையன் பாரிஸ் போய்ப் படித்து, இக்னேஷியஸோடு சேர்ந்து, 1542இல் கோவாவில் வந்திறங்கி, அந்த வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடிக் கரையோரம் ஊர் ஊராக நடந்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த மக்களின் தாய்மொழி மலபார், என்னுடையது பாஸ்க், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 'மலபார்' என்று போர்த்துக்கீசியர் சொன்னது தமிழைத்தான். தமிழும் பாஸ்க்கும் நேருக்கு நேர் நின்று திருதிருவென்று விழித்த தருணம் இப்படி எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது.

(இரண்டும் ஒரே குடும்பம் என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். லஹோவரி என்பவர் 1963இல் ஒரு புத்தகமே போட்டு திராவிட மொழிகளுக்கும் பாஸ்க்குக்கும் முடிச்சுப் போட்டார். மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. பாஸ்க் இன்றுவரை உறவு நிறுவப்படாத தனி மொழிதான். சேவியருக்கு விளங்கவில்லை என்பதே எனக்குப் போதுமான சாட்சி.)

1545இல் அவர் மயிலாப்பூருக்கு வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, எதிர்க்காற்றில் மாட்டித் திரும்பி, கடைசியில் தரைவழியாக வந்துசேர்ந்தார். இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கரையோரமாகத்தான் வந்திருக்க வேண்டும், தாம்பரம் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். சாந்தோமில் நாலு மாதம் போலத் தங்கி, பிறகு மலாக்காவுக்குக் கப்பலேறினார். பறங்கிமலை உச்சியில் அப்போது போர்த்துக்கீசியர் 1523இல் கட்டிய கோயில் இருந்தது. அவர் அங்கே வந்து ஜெபித்தார் என்பது மரபு. மலையில் இன்று எல்லோரும் பார்க்கிற, பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை 1547இல்தான் கிடைத்தது. அதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

சவேரியாரை நடைக்காரராக மட்டும் பார்த்து மயங்கிவிடவும் முடியாது. மலாக்கா தாண்டிப் போன பிறகு, 1546இல், கோவாவுக்கு இன்குவிசிஷன் வேண்டும் என்று போர்ச்சுகல் அரசருக்கு எழுதியதும் அதே கைதான். கால் தேய நடந்ததும் உண்மை, இதுவும் உண்மை.

அவர் பிறந்த கோட்டைக்கு வருஷா வருஷம் மார்ச் மாதம் நவார் மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடக்கிறவர்களையும் பழனிக்குக் காவடி தூக்கி நடக்கிறவர்களையும் பார்த்த நமக்கு அது புதுசில்லை. நடப்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு சாமியோ வேண்டுதலோ இல்லாமல், ஊரைப் பார்க்க என்று நடந்தால்தான் "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்கிறார்கள். இந்த இரண்டு நாளில் என்னை மூன்று பேர் அப்படிக் கேட்டார்கள்.

காலை ஆறு மணிக்குப் பறங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி, பழைய படிக்கட்டு வழியாக ஏறினேன். 18ஆம் நூற்றாண்டில் மதராஸில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் செலவில் அமைந்த படிகள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலம் கட்டியவரும் அவரே. மலை என்று பெயர்தானே தவிர உயரம் சுமார் 300 அடி. ஆனாலும் மேலே நின்றால் தெற்கே மலைகள் அலை அலையாகத் தெரிகின்றன. திரிசூலம், பல்லாவரம், அதற்கப்பால் மங்கலாக வண்டலூர். ரயிலில் போகும்போது தனித்தனிக் குன்றாகத் தெரிந்தது, இங்கிருந்து ஒரே முதுகெலும்பாகத் தெரிகிறது. விமானம் ஒன்று கண்ணுக்கு நேரே இறங்கிப் போனது.

உச்சியில் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கோயிலுக்குப் போகிற வழியில் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்தியாவை முழுக்க முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைக்கு முதல் கோடு போட்ட ஆள் அவர். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, இந்த மலையின் அடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். முதல் கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்தில் தெரியும் மூன்றாவது புள்ளியைப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், மற்ற இரண்டு பக்கமும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அப்புறம் அடுத்தது. இப்படியே போய்ப் போய்த்தான் அரை நூற்றாண்டு கழித்து இமயத்தில் ஒரு சிகரம் உலகிலேயே உயரமானது என்று கண்டுபிடித்து அதற்கு எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். அந்தக் கணக்கின் முதல் எண் நம்ம பறங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவில் கிடைத்தது.

அளந்தது நூறு அடி நீள இரும்புச் சங்கிலியால். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோன சாமான்களில் ஒன்று, அங்கே எடுபடாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதை அப்படியே தரையில் போட்டு இழுக்க முடியாது. வெயிலில் இரும்பு நீளும், தரை மேடு பள்ளம். அதனால் மரத்தொட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, தொட்டிகளை முக்காலிகளின் மேல் ஒரே மட்டத்தில் நிறுத்தி, நிழலுக்குத் துணி கட்டி, வெப்பமானி வைத்து ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்து அளந்தார்கள். ஏழரை மைலுக்கு ஏறக்குறைய 400 தடவை. சித்திரை, வைகாசி வெயில். ஆறு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தொட்டியைத் தூக்கி, முக்காலியை நகர்த்தி, சங்கிலியை மறுபடி மறுபடி கிடத்தியவர்கள் நம்ம ஊர் ஆட்கள்தான். சிலை லாம்டனுக்கு மட்டும்.

அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். மேப்பில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வீடுகள், தெருக்கள், ஏரி, மறுபடி வீடுகள். கோடு யார் வீட்டுச் சமையலறையையெல்லாம் வெட்டிக்கொண்டு போகும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். அவர் தொடங்கிய இடத்தில் தொடங்கி, சுற்றிக்கொண்டு போய், அவர் முடித்த இடத்தில் முடிப்பது என்று திட்டம் மாறியது.

மலையிலிருந்து இறங்கி கன்டோன்மென்ட் வழியாகத் திரிசூலம். இங்கே சாலையோரம் நடைபாதை ஒரு இடத்தில் ஆரம்பிக்கும், இருபது அடியில் டிரான்ஸ்பார்மர் வந்து நின்றுவிடும். ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போனால் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. நாலு புறமும் குன்று சூழ நடுவில் திரிசூலநாதர் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகளோடு. கருவறைக்கு அர்ச்சகர் வர நேரமாகும் என்றார்கள். வெளியே திண்ணையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். எதிர்ப் பக்கத்துக் குன்று பாதிதான் இருந்தது. மீதி, கேக் வெட்டின மாதிரி செங்குத்தாக.

அந்தப் பாதிக் குன்று எங்கே போச்சு என்றால், நம்ம காலுக்கடியில்தான் இருக்கிறது. சென்னையின் ரோட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் ஜல்லி கொடுத்தது இந்த மலைவரிசை. வருஷக்கணக்கில் வெடி வைத்தார்கள், கிரஷர் ஓடியது. இப்போது மிஞ்சியிருப்பது பச்சைத் தண்ணீர் தேங்கிய ஆழக் குழிகள். கோடையில் குளிக்க இறங்கிய பையன்களைப் பற்றிப் பேப்பரில் வரும் செய்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தக் குழிகளால் நன்மையும் நடந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்தப்படுத்தித்தான் நகரத்துக்குக் கொடுத்தார்கள்.

உடைத்தது சாதாரணக் கல் இல்லை. வயது சுமார் 250 கோடி வருஷம். கொத்தனார்கள் கருங்கல் என்பார்கள். நிலவியலில் இதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் சார்னோகைட். 1693இல் இறந்த ஜாப் சார்னோக், கல்கத்தாவை நிறுவியவர் என்று ஆங்கிலேயர் கொண்டாடியவர், அவருடைய கல்லறையில் பதித்த பலகை இங்கிருந்து போன கல். தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லறைப் பலகையைப் பார்த்து, அதே வகைப் பாறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். கல் பல்லாவரத்துடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது. 'பல்லாவரைட்' என்று வைத்திருக்கலாம், என்ன செய்வது.

பல்லாவரத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தேன், காரணம் இருக்கிறது. இந்திய வரலாற்றில் பல்லாவரம் அளவுக்குப் பெரிய விஷயம் நடந்தும் பெயர் வாங்காத புறநகர் இன்னொன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற 28 வயது நிலவியலாளர் இங்கே ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிச் சரளை வெட்டிய குழியில் கிடந்த கல் ஒன்றை எடுத்தார். தானாக உடைந்த கல் இல்லை, யாரோ தட்டித் தட்டிச் செதுக்கிய கல் என்று அவருக்குப் பட்டது. படக் காரணம், நாலு வருஷம் முன்னால் ஐரோப்பாவில் நடந்த பெரிய விவாதம். பிரான்ஸில் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கிடைத்த கல்லாயுதங்களை மனிதன் செய்தவைதான் என்று 1859இல் ஆங்கிலேய அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். மனிதனின் வயது சில ஆயிரம் வருஷம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்ட நேரம். அந்தச் செய்தியைப் படித்த கண்ணோடு பல்லாவரத்துச் சரளையைப் பார்த்ததால்தான் அது கருவியாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் அந்தக் குழியில் எத்தனையோ பேர் மண் அள்ளியிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல்லாவரத்து மலை சார்னோகைட். கருவி குவார்ட்சைட். அந்தக் கல் இங்கே பாறையாக இல்லை. வடமேற்கிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்ததா, கையில் பிடித்துக்கொண்டு மனிதனே நடந்து வந்தானா? நான் நடைக்காரன், இரண்டாவதைத்தான் நம்ப விரும்புவேன். விருப்பம் சான்று ஆகாது.

அதே வருஷம் செப்டம்பரில் ஃபுட்டும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இதைவிடப் பெரிய இடத்தைக் கண்டார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வு 2011இல் வெளியானபோது, மிகப் பழைய கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று தெரிந்தது. அதனால் எல்லோரும் அத்திரம்பாக்கத்தைப் பேசுகிறார்கள், நியாயம்தான். ஆனால் இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று முதன்முதலாகச் சொன்ன கல் பல்லாவரத்துக் கல். ஃபுட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றை 1904இல் மதராஸ் அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூர் போனால் பார்க்கலாம். 1880களில் அலெக்சாண்டர் ரீ இதே பல்லாவரத்தில் தோண்டி எடுத்த, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையும் அங்கேதான் இருக்கிறது. அதற்கடுத்த காலத்து ஆட்களும் இந்த மலையடியைத்தான் தங்கள் பிணங்களைப் புதைக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கன்டோன்மென்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, இந்த கிரவுண்டு பக்கம்தான் 1863ல ஒரு வெள்ளைக்காரர் கற்காலக் கல் எடுத்தாராம், தெரியுமா?"

"கல்லா? மலையே போச்சு தம்பி, நீ ஒரு கல்லத் தேடுற."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் அக்கறையாக, "சர்வேக் கல்லா?" என்று கேட்டார். இல்லைங்க ஐயா என்று விளக்கினேன். பதினஞ்சு லட்சம் வருஷம் என்றதும் சிரித்துவிட்டார். "பட்டா யாரு பேர்ல இருந்துச்சாம்?"

அங்கிருந்து மலைச்சரிவில் இருக்கும் குடைவரைக்குப் போனேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. அவனுடைய பட்டப்பெயர்களைப் பல்லவ எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று மண்டகப்பட்டில் பெருமையாகக் கல்வெட்டு வைத்த அதே ராஜா. இன்று அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தடித்த தூண்கள், மேலே பெயிண்ட். கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கு பெயிண்டைப் பார்த்தால் வயிறு எரியும், எனக்கும் முதலில் எரிந்தது. வெளியே வந்து சுற்றிலும் வெட்டுப்பட்ட பாறைகளைப் பார்த்தபோது எரிச்சல் குறைந்தது. ஆள் வந்து போகிற, விளக்கேற்றுகிற இடமாக இருந்ததால்தான் இந்தப் பாறையில் துளை போட்டு மருந்து திணிக்க யாருக்கும் கை வரவில்லையோ என்னவோ. என் ஊகம் இது.

மறைமலையடிகள் வீடும் பல்லாவரத்தில்தான். கிறித்தவக் கல்லூரி பாரிமுனையில் இருந்த காலத்தில் அங்கே 1898 முதல் 1911 வரை தமிழ் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து 1950இல் மறையும்வரை வாழ்ந்தார். வேடிக்கை பாருங்கள், அவர் விட்டுவந்த கல்லூரி 1937இல் அவரைத் தாண்டித் தாம்பரத்துக்கு வந்தது.

மதியத்துக்கு மேல் மேற்கே திரும்பித் திருநீர்மலை. ஒரு காலத்தில் மலையைச் சுற்றித் தண்ணீர் நிற்குமாம். திருமங்கையாழ்வார் வந்தபோது வெள்ளம் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணக் கதை. நான் போனபோது சாலையில் தூசிதான். இங்கே பெருமாள் நாலு கோலத்தில் இருக்கிறார்: நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான். கீழே நீர்வண்ணர் நிற்கிறார். மலை மேல் நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார், ரங்கநாதர் படுத்திருக்கிறார், உலகளந்த பெருமாள் நடக்கிறார். அன்று கால் இருந்த இருப்பில் நாலாவது ஆளிடம்தான் எனக்கு அதிகம் பேச இருந்தது. மூன்றடியில் உலகை அளந்தவர் இங்கே, 400 சங்கிலியில் ஏழரை மைலை அளந்தவர் அங்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில்.

திருநீர்மலையிலிருந்து தாம்பரம் வரை சொல்ல அதிகம் இல்லை. குரோம்பேட்டை வழியாக வந்தேன். 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் ஊருக்கு வந்த பெயர் அது. தோல் பதனிடும் ரசாயனம் ஊர்ப்பெயராகி அதற்குப் பேட்டையும் ஒட்டியது தமிழில் மட்டும்தான் நடக்கும். வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு, குதிகாலில் கொப்புளம். "காசு கொடுத்து இதுக்கு ஸ்பெயின் வேற போறாங்களா?" என்றாள் மனைவி, சுடுதண்ணீர் வைத்துக்கொண்டே.

இரண்டாம் நாள் கிழக்கே. கிறித்தவக் கல்லூரி வளாகத்தை ஒட்டித்தான் நடை தொடங்கியது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது, ஆறு வருஷத்தில் கல்லூரி வந்தது. சேலையூர்க் காட்டில் சுமார் 375 ஏக்கர். அப்போது முள்ளும் புதருமாகத்தான் இருந்திருக்கிறது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ், அவர் மனைவி ஆலிஸ் இருவரும் மரமாகத் தேடித் தேடி நட்டார்கள். இப்போது உள்ளே புள்ளிமான் திரிகிறது. காட்டை அழித்துக் கல்லூரி கட்டினார்கள் என்றும் சொல்லலாம், கல்லூரி வந்ததால் இந்தக் காடு மட்டும் பிழைத்தது என்றும் சொல்லலாம். மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

மாடம்பாக்கத்துக்கு விலகிப் போய், யானையின் பின்புறம் போல வளைந்த விமானம் கொண்ட தேனுபுரீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். ராஜகீழ்ப்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம், வேங்கைவாசல். பெயர்கள் கேட்க நன்றாக இருக்கின்றன. வேங்கை என்றது மரத்தையா புலியையா என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் நாய் ஒன்று விரட்டியதைக் கவனிக்கத் தவறினேன். கடி வாங்கவில்லை.

மேடவாக்கத்துக்கு வடக்கே நன்மங்கலம் காடு, 320 ஹெக்டேர். அங்கேயும் பழைய குவாரி இருக்கிறது, ஆனால் அதன் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை கூடு கட்டி வாழ்கிறது. வெட்டிய காயத்திலேயே குடியிருக்கிற பறவை. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன், பகலில் ஆந்தை எங்கே தெரியப் போகிறது. மைனா இரண்டு, கரிச்சான் ஒன்று.

இங்கே நின்றுதான் நண்பனின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பாதைகள் வானத்திலிருந்து விழவில்லை. ஊர் ஊருக்கு இருக்கிற மலையேற்றச் சங்கத்துக்காரர்கள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தீட்டுகிறார்கள், மழையில் அழிந்தால் மறுபடி தீட்டுகிறார்கள். தினம் ஆள் நடப்பதால் பாதை பாதையாகவே நிற்கிறது. நம்ம பக்கம் ஏரிக்கரை மேலும் குன்றின் இடுப்பிலும் மாடு ஓட்டியவர்களும் விறகு பொறுக்கியவர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடி ரோடு குறுக்கே வெட்டுகிற மாதிரி, ஒவ்வொன்றாக ஏதோ வந்து வெட்டிவிட்டது. 2021இல் இந்த ஊர்களில் பெரும்பாலானவை சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டன. நான் நடந்த வழியில் பெரும்பகுதி ஒரே நிர்வாகத்துக்குள் வருகிறது. பறங்கிமலை, பல்லாவரம் சரளைக்குழி, குடைவரை, திருநீர்மலை, மாடம்பாக்கம், நன்மங்கலம் என்று இணைத்துக் கம்பத்தில் இரண்டு பட்டை அடிக்க நாலு டப்பா பெயிண்ட் போதும். ஒன்று மட்டும் அவசரம்: குடைவரைச் சரிவில் மிச்சமிருக்கிற பாறைக்கும், அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றி மிச்சமிருக்கிற சரளைக்கும் காத்திருக்க நேரம் இல்லை. ஒரு அஸ்திவாரக் குழி தோண்டினால் அந்தச் சரளை லாரியில் ஏறிவிடும், அதில் செதுக்கிய கல் இருந்ததா என்று பார்க்க ஃபுட் வரப்போவதில்லை.

பெரும்பாக்கத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. குன்று சின்னதுதான். அதைச் சூழ்ந்து இப்போது அடுக்குமாடிகள். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் குடியிருப்பும் இந்த ஊரில்தான். 1802இல் லாம்டனின் ஆட்கள் கடைசிச் சங்கிலியைக் கிடத்திய இடம் எதுவாக இருக்கும் என்று உத்தேசமாக ஒரு வேலிக்குப் பக்கத்தில் நின்று வடக்கே பார்த்தேன். பறங்கிமலை தெரிந்தால்தானே கோடு போட முடிந்திருக்கும். கட்டடங்கள்தான் தெரிந்தன.

கிரிக்கெட் மட்டையோடு வந்த பையன் ஒருத்தன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "என்னண்ணா தேடுறீங்க?" என்றான்.

"பறங்கிமலை இங்கேர்ந்து தெரியுமான்னு பாக்கிறேன் தம்பி."

"இங்க நின்னா தெரியாது. எங்க பிளாக் மொட்டை மாடிக்கு வாங்க, பிளேன் இறங்குறது கூடத் தெரியும்."

அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனான். லிஃப்ட் ஓடவில்லை, எட்டு மாடி. கொப்புளத்தோடு ஏறினேன். மேலே துணி காயப்போட்ட கயிறுகளுக்கு நடுவே, வடமேற்கில், தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் டவருக்கும் இடையில் விரல் அகலத்துக்குப் பறங்கிமலை தெரிந்தது. உச்சியில் வெள்ளையாகக் கோயில். போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டான். சுற்றி வந்ததில் 33, நேராகப் போனால் 12 என்று பதில் போட்டேன்.

அடுத்த தடவை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பையன் பெயிண்ட் அடிக்க வருவானாம்.